எறியும் ஓட்டிலும் உதிர்ந்த ஓலையிலும் வருமானம்

சென்னை – கூடூர் ரயில் பாதையில், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் கடைசி நிலையம் ஆரம்பாக்கம். அடுத்த நிலையமான தடா ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. ஆரம்பாக்கத்திலிருந்து கிழக்கே சென்றால் பழவேற்காடு ஏரியின் கரையும் அதை ஒட்டிய மீனவக் குப்பங்களும் வருகின்றன. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலுள்ள பெரிய உப்பங்கழி ஏரி இதுவே. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் இதில் நன்னீரைக் கொண்டு வந்து சேர்க்கின்றன. கடல்நீர் முகத்துவாரம் வழியே வந்து போகிறது. இந்த இரண்டு நீரும் கலக்கும் இடத்தில்தான் இறாலும் மடவையும் கொடுவாவும் நண்டும் செழிக்கின்றன.

முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அடைத்துக்கொண்டால் ஏரிக்குள் கடல்நீர் வருவது குறைகிறது. இறால் குஞ்சுகளின் வரவும் குறைகிறது. பாடு குறைந்தால் முதலில் அடிபடுவது கூடை சுமந்து மீன் விற்கும் பெண்களின் கைக்காசு. வலைக்கும் படகுக்கும் வாங்கிய கடன் அப்படியே நிற்க, அரிசிக்கும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும் வேறு வழி தேட வேண்டியிருக்கிறது.

இந்த நிலையில், "கழிவிலிருந்து கலைப்பொருள்" என்ற பேச்சு கரையோரக் கிராமங்களில் அடிக்கடி கேட்கிறது. சிப்பியில் திரைச்சீலை செய்யலாம், ஓலையில் பை பின்னலாம், செதிலில் பூக் கட்டலாம் என்று பயிற்சிகள் நடக்கின்றன. நல்ல முயற்சிதான். ஆனால் எது கழிவு, எது கழிவு அல்ல என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால்தான் இதில் வருமானம் நிலைக்கும். தெரியாமல் தொடங்கினால் ஏரிக்கும் கேடு, உழைப்பும் வீண்.

மூன்று கூடை முறை

மீன் விற்று முடிந்த பிறகு ஒரு குப்பத்து வீட்டின் பின்புறத்தில் மிஞ்சுபவை என்ன? மீன் குடல், செவுள், செதில், இறால் தலை, இறால் தோல், நண்டு ஓடு, மட்டி ஓடு, சிப்பி ஓடு, கிழிந்த வலை, அறுந்த கயிறு, காய்ந்து விழுந்த பனை மட்டை. இவை எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டால் அது குப்பை. நாற்றமும் ஈயும் நாயும்தான் மிச்சம். அன்றே பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் ஒரு மூலப்பொருள்.

இதற்கு வீட்டுக்கு மூன்று கூடைகள் போதும். முதல் கூடை மண்ணுக்கு. குடல், செவுள், இறால் தலை, இறால் தோல் ஆகியவை இதில் சேரும். இரண்டாவது கூடை கைவேலைக்கு. ஓலை, ஈர்க்கு, நார், தேர்ந்தெடுத்த மட்டி ஓடு, பெரிய செதில் ஆகியவை இதில் சேரும். மூன்றாவது கூடை ஏரிக்கும் கோழிக்கும். மற்ற சிப்பி ஓடுகள் இதில் சேரும். பழைய வலையைத் தனியாகச் சுருட்டி வைக்க வேண்டும். அது எந்த நிலையிலும் ஏரிக்குத் திரும்பக் கூடாது.

மீன் கழிவில் பயிர் ஊக்கி

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டாரங்களில் நெல்லும் நிலக்கடலையும் காய்கறியும் பயிராகின்றன. அந்த விவசாயிகள் விலை கொடுத்து வாங்கக் கூடிய ஒரு பொருளை மீன் கழிவிலிருந்து வீட்டிலேயே தயாரிக்கலாம். மீன் அமிலம் என்று இயற்கை விவசாயிகள் சொல்வது இதைத்தான்.

பத்து கிலோ மீன் கழிவைச் சிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்ள வேண்டும். அதே எடையுள்ள வெல்லத்தைப் பொடித்துச் சேர்த்து நன்றாகப் பிசைந்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயிலோ மண் பானையிலோ போட வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும். வாயைத் துணியால் கட்டி, நிழலில் வைத்து, சில நாட்களுக்கு ஒரு முறை கிளறிவிட வேண்டும். முதல் சில நாட்கள் மீன் வாடை இருக்கும். சுமார் 30 நாட்களில் அது மாறி, பழுத்த பழத்தின் வாசனையும் தேன் போன்ற பழுப்பு நிறமும் வரும். அப்போது வடிகட்டிப் புட்டிகளில் அடைக்கலாம். துர்நாற்றம் நீடித்தால் வெல்லம் போதவில்லை என்று பொருள்.

பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி வீதம் கலந்து மாலை நேரத்தில் இலைகளில் தெளிக்கலாம். அளவு கூடினால் இலை கருகும். இது பயிருக்குக் கொடுக்கும் ஊட்டச் சொட்டுதானே தவிர, தொழு உரத்துக்கோ அடியுரத்துக்கோ மாற்று ஆகாது. வாங்கும் விவசாயியிடம் இதைச் சொல்லியே விற்க வேண்டும். ஒரு முறை ஏமாந்தவர் மறுமுறை வரமாட்டார்.

இதில் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. உப்பிட்ட மீனின் கழிவையும் கருவாட்டுத் தொட்டியில் வடிந்த நீரையும் இதில் சேர்க்கக் கூடாது. ஏரிக்கரை நிலங்களில் ஏற்கெனவே உப்பு அதிகம். பச்சை மீன் கழிவையும் நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசிய பிறகே நறுக்க வேண்டும்.

சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் மீன் சந்தைக் கழிவிலிருந்து இரண்டு பொருள்களை உருவாக்கியிருக்கிறது. மீன் குட்டைகளில் நுண்ணுயிர் உணவு பெருக உதவுவது 'பிளாங்க்டன் பிளஸ்'. தோட்டப் பயிர்களுக்கு இடுவது 'ஹார்ட்டி பிளஸ்'. சந்தைக் கழிவை விஞ்ஞானிகளே மூலப்பொருளாக எடுத்துக்கொண்டிருப்பது, குப்பத்துப் பெண்கள் நம்பிக்கையோடு இறங்குவதற்குப் போதுமான சான்று.

இறால் தோலின் அருமை

இறாலைத் தலை நீக்கித் தோலுரித்தால், எடையில் நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு வரை கழிவாகப் போகிறது. இந்தத் தோலில் கைட்டின் என்ற நார்ப்பொருள் இருக்கிறது. 1811-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு விஞ்ஞானி பிராக்கோனோ இதை முதலில் கண்டது காளானில். பிறகு பூச்சிகளின் மேல்தோலிலும் இறால், நண்டு ஓடுகளிலும் இருப்பது தெரியவந்தது. கைட்டினிலிருந்து கைட்டோசான் என்ற பொருளைத் தயாரித்து, மருத்துவத்துக்கும் நீர் சுத்திகரிப்புக்கும் விவசாயத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கான செய்முறையை நம் நாட்டில் வகுத்துத் தந்தது.

ஆனால் கைட்டின் தயாரிப்பு வீட்டு வேலை அல்ல. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் காஸ்டிக் சோடாவும் அதற்குத் தேவை. கையும் கண்ணும் வெந்துபோகும். கழிவு நீரை ஏரியில் விட்டால் மீன் சாகும். தொழிற்சாலைக்குத் தோலைக் காய வைத்துக் கொடுப்பதோடு குப்பத்தின் பங்கு முடிய வேண்டும். வாங்குவோர் இல்லாத இடத்தில் அதைக் கம்போஸ்ட் ஆக்குவதே சிறந்தது.

ஏரிக்கரையில் இரண்டு அடி தோண்டினாலே நீர் ஊறும் இடங்கள் உண்டு. ஆகையால் குழி முறை வேண்டாம், மேட்டு முறையே ஏற்றது. நிழலான மேட்டில் ஆறு அடி நீளம், மூன்று அடி அகலத்துக்கு அரை அடி உயரம் வைக்கோலும் சருகும் பரப்ப வேண்டும். அதன் மேல் இரண்டு அங்குலம் இறால் தோல், அதன் மேல் சாணிக் கரைசல், பிறகு கொஞ்சம் மண். இப்படியே மூன்று அடி உயரம் வரை அடுக்கி, மேலே மண்ணால் மூட வேண்டும். நாய் கிளறாமலிருக்கப் பழைய வலையைப் போர்த்திக் கல் வைக்கலாம். முப்பதாம் நாள் புரட்டிவிட்டு, பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் அளவுக்கு ஈரம் காத்தால், சுமார் மூன்று மாதத்தில் எரு தயாராகும்.

கத்தரி, தக்காளி, மிளகாய் நடுவதற்கு இரண்டு வாரம் முன்பு குழிக்கு ஒரு கைப்பிடி இந்த எருவை மண்ணில் கலந்து வைக்கலாம். கைட்டினைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணில் பெருகும்போது வேர்முடிச்சு நூற்புழுவின் முட்டைகளையும் அவை தாக்குகின்றன. நூற்புழு முட்டையின் ஓட்டிலும் கைட்டின் இருப்பதே காரணம். மக்காத பச்சைத் தோலை மட்டும் நாற்றின் வேருக்கு அருகில் போடக் கூடாது. அதிலிருந்து எழும் அம்மோனியா வேரைச் சுட்டுவிடும்.

எல்லா ஓடும் கழிவு அல்ல

ஆரம்பாக்கத்துக்கு அருகில் சுண்ணாம்புகுளம் என்றொரு ஊர் இருக்கிறது. சிப்பி ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கும் தொழில் ஏரிக்கரைக்குப் புதிது அல்ல. பழவேற்காடு ஏரியின் அடியில் பல காலமாகச் சேர்ந்து புதைந்த சிப்பிப் படிவுகள் உண்டு. சுண்ணாம்புக்காக அவற்றைத் தோண்டி எடுத்தார்கள். சிப்பி ஓட்டில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் கால்சியம் கார்பனேட். நூறு கிலோ தூய கால்சியம் கார்பனேட்டை முழுதும் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும், மீதி கரியமில வாயுவாகப் போய்விடும்.

இங்கேதான் கழிவு என்ற சொல்லைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. ஏரியின் தரையில் கிடக்கும் வெற்று ஓடு பார்வைக்குக் கழிவு. ஆனால் சிப்பிக் குஞ்சு நீரில் மிதந்து அலைந்து, கடினமான ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டால்தான் பிழைக்கும். சேற்றில் விழுந்தால் மடியும். பழைய சிப்பி ஓடுதான் புதுச் சிப்பிக்கு வீடு. தூத்துக்குடியில் 1970-களில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் சிப்பி வளர்ப்பில் இறங்கியபோது, குஞ்சுகளைப் பிடிக்கச் சுண்ணாம்பு பூசிய ஓடுகளையும் கம்பியில் கோத்த சிப்பி ஓடுகளையும் நீரில் தொங்கவிட்டது. ஏரியைத் தோண்டி ஓட்டை அள்ளுவது அந்த வீட்டை இடிப்பதற்குச் சமம்.

ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மேலும் சில சோழி, சங்கு வகைகள் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அழகாயிருக்கிறது என்று கையில் கிடைத்ததையெல்லாம் கலைப்பொருளாக்கி விற்பது சட்டத்தில் மாட்டிவிடும். உயிரோடுள்ள சிப்பியையும் சங்கையும் ஓட்டுக்காகப் பிடிக்கக் கூடாது. ஏரியின் தரையைத் தோண்டக் கூடாது. சமைத்துச் சாப்பிட்ட பின் வீட்டில் மிஞ்சும் மட்டி ஓடும் சிப்பி ஓடும் மட்டுமே கைவேலைக்கு உரியவை.

வீட்டில் மிஞ்சும் ஓட்டுக்கு முதல் வாடிக்கையாளர் கொல்லைக் கோழி. ஒரு முட்டையின் ஓட்டில் சுமார் இரண்டு கிராம் கால்சியம் இருக்கிறது. முட்டையிடும் கோழிக்கு இது தீவனத்தில் கிடைக்காவிட்டால் தோல் முட்டை இடும், கால் பலம் குன்றும். ஓட்டை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காய வைத்து, சாக்குக்குள் போட்டு இடித்து, அரிசிக் குருணை அளவுக்குச் சலித்துக்கொள்ள வேண்டும். இடிக்கும்போது லேசாகத் தண்ணீர் தெளித்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். இந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். இதைத் தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைத்தால், கோழி தனக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளும். கிலோ கணக்கில் பொட்டலம் கட்டிப் பக்கத்துக் கிராமங்களில் விற்கலாம்.

சிப்பித் தூளை வயலில் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். புளிப்பு மண்ணுக்குத்தான் சுண்ணாம்பு தேவை. ஏரிக்கரையின் உவர், களர் நிலத்துக்கு அது பயன் தராது. களர் நிலத்துக்கு ஏற்றது ஜிப்சம். மண் பரிசோதனை செய்யாமல் எதையும் போடக் கூடாது.

கலைப்பொருளுக்கு ஒரே அளவும் உடையாத விளிம்பும் உள்ள மட்டி ஓடுகளைப் பொறுக்க வேண்டும். இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். வாடை போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் சலவைத் தூள் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவலாம். சலவைத் தூளோடு கழிப்பறை அமிலத்தைக் கலக்கவே கூடாது. நச்சுப் புகை கிளம்பும். காய்ந்த ஓட்டில் மெல்லிய துரப்பணத்தால் துளையிட்டு நூலில் கோத்தால் வாசல் தோரணமும் சன்னல் திரையும் ஆகும். கண்ணாடிச் சட்டம், பூச்சட்டி விளிம்பு, அகல் விளக்குத் தட்டு ஆகியவற்றில் பதிக்கலாம். ஓட்டின் இயற்கை நிறத்தை அப்படியே விட்டால்தான் நகரத்து வாடிக்கையாளர் விரும்புகிறார். பச்சையும் சிவப்புமாக எனாமல் அடித்தால் சந்தைக் கடைப் பொம்மை ஆகிவிடும்.

கொடுவா போன்ற மீன்களின் பெரிய செதிலையும் வீசிவிட வேண்டாம். சோப்பு நீரில் பல முறை அலசி, நிழலில் காய வைத்து, துணிச் சாயத்தில் நனைத்து, இதழ் இதழாகக் கம்பியில் கட்டினால் வாடாத பூ. செதில் காயும்போது சுருளும். பலகைக்கு அடியில் அழுத்தி வைத்தால் தட்டையாக நிற்கும்.

பனை ஓலை: பழகிய கை, புதிய சந்தை

பழவேற்காட்டு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. இடுப்பளவு நீரில் குனிந்து இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவுவார்கள். பிடித்த இறாலைப் போட, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட ஓலைப் பறி இருக்கும். அலங்காரத்துக்காகச் செய்தது அல்ல அது. நீரில் நனைந்தாலும் கெடாது, நீர் வடியும், இறால் தப்பாது. ஓலைப் பின்னலின் அருமை அந்தப் பறியிலேயே தெரிகிறது.

அதே ஓலையைப் பழவேற்காடு ஊரில் முஸ்லிம் பெண்கள் நீண்ட காலமாக வண்ணக் கூடைகளாகவும் பெட்டிகளாகவும் பின்னி வருகிறார்கள். டச்சுக்காரர் 1613-இல் கோட்டை கட்டிய ஊர் அது. கட்டம் போட்ட கைக்குட்டைத் துணியால் பழவேற்காடு என்ற பெயர் ஒரு காலத்தில் கடல் கடந்து வழங்கியது. தறி ஓய்ந்த ஊரில் கட்டம் ஓலையில் தொடர்கிறது. ஆரம்பாக்கம் பக்கத்துக் குப்பங்களிலும் கடகமும் விசிறியும் கிலுகிலுப்பையும் பின்னத் தெரிந்த பாட்டிமார் இருப்பார்கள். அவர்களுடைய கைப்பழக்கம் அவர்களோடு போய்விடும் முன் பேத்திகள் கற்றுக்கொள்வது நல்லது.

பனையில் வீணாகும் உறுப்பே இல்லை. மெல்லிய பின்னலுக்குக் குருத்தோலை, பாய்க்கும் கடகத்துக்கும் சாரோலை, துடைப்பத்துக்கு ஈர்க்கு, விளிம்பு கட்டவும் கட்டில் பின்னவும் மட்டை நார், பிரஷ்ஷுக்குத் தும்பு. காய்ந்து தானாக விழுந்த மட்டையிலிருந்து ஈர்க்கும் விறகும்தான் கிடைக்கும், பின்னலுக்கு அந்த ஓலை உதவாது, முறியும். பின்னலுக்கு வேண்டிய குருத்தை மரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆண்டில் பத்துப் பன்னிரண்டு ஓலைகளே ஒரு மரம் விடுகிறது. ஒரு மரத்தில் ஒரு தடவைக்கு ஒரு குருத்துக்கு மேல் எடுக்காமல், மரம் மாற்றி மாற்றி எடுத்தால் மரம் நலமாயிருக்கும்.

எடுத்த குருத்தை விரித்து, முதலில் நிழலிலும் பிறகு இளவெயிலிலும் காய வைத்து, ஈர்க்கை நீக்க வேண்டும். ஓலையை ஒரே அகலமாக வகிர்வதில்தான் பாதி வேலை இருக்கிறது. அகலம் மாறினால் கட்டம் கோணும். சாயம் ஏற்ற, கொதிக்கும் தண்ணீரில் சாயமும் சிறிது உப்பும் இட்டு, ஓலை முழுதும் மூழ்கும்படி அரை மணி நேரம் வேகவைத்து, நல்ல தண்ணீரில் சாயம் விடாத வரை அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் உலர்த்தினால் நிறம் வெளுக்கும். பின்னத் தொடங்கும் முன் ஈரத் துணியில் சுற்றி வைத்தால் ஓலை வளையும், முறியாது. முடிந்த பொருளை நன்றாகக் காய வைக்காமல் அடுக்கினால் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். அனுப்பிய கூடைகள் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தமிழ்நாட்டில் ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்பட்டன. திருமணத் தாம்பூலப் பைக்கும் இனிப்புப் பெட்டிக்கும் பிரசாதத் தொன்னைக்கும் ஓலையைத் தேடுவோர் கூடியிருக்கிறார்கள். 2021-இல் சட்டமன்றத்தில் வைத்த முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்குவது அதன் ஒரு பகுதி. பனையை வெட்ட வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. ஓலைத் தொழிலில் இறங்கும் குழு ஒவ்வொன்றும் கரைமேட்டில் ஆண்டுக்கு நூறு பனங்கொட்டையாவது ஊன்ற வேண்டும். பலன் பேரப் பிள்ளைகளுக்கு.

கிழிந்த வலை

நைலான் வலை மக்காது. ஏரியில் விட்டால் ஆளில்லாமலே மீனையும் நண்டையும் பறவையையும் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கும். கரைக்குக் கொண்டுவந்த பழைய வலையைக் கழுவிக் காய வைத்தால், பாகல், புடலை, பீர்க்கு ஏறப் பந்தலாகும். நாற்றங்காலைக் கோழியிடமிருந்து காக்கும். தடித்த வலையைப் பையாகத் தைத்தால் காய்கறி வாங்க உதவும், அறுந்த கயிற்றைச் சுருட்டித் தைத்தால் கால்மிதி ஆகும். வேலியாகக் கட்டும்போது கீழே அரை அடி இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் எலி பிடிக்க வரும் சாரைப் பாம்பு சிக்கிச் சாகும். அதனால் நட்டம் விவசாயிக்கே.

உழைப்புக்கும் விலை உண்டு

கழிவிலிருந்து செய்த பொருளுக்குச் செலவே இல்லை என்று பலர் சொல்கிறார்கள். இது தவறு. மூலப்பொருளுக்குக் காசு இல்லாமலிருக்கலாம், கைக்கும் கண்ணுக்கும் நேரத்துக்கும் விலை உண்டு. எடுத்துக்காட்டாக, ஒரு கூடைக்கு ஓலைக்கும் சாயத்துக்கும் 40 ரூபாய் ஆகிறது, பின்ன ஆறு மணி நேரம் பிடிக்கிறது, 160 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 120 ரூபாய். மணிக்கு 20 ரூபாய்தான் கூலி விழுகிறது. எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 160 ரூபாய். களையெடுக்கப் போனால் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். அப்படியானால் அந்தக் கூடையை வேறு விதமாகப் பின்ன வேண்டும், அல்லது வேறு இடத்தில் விற்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். மூன்றில் ஒன்றைத் துணிந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

பயிற்சி முடிந்த சில மாதங்களில் பல குழுக்கள் ஓய்ந்துபோவதற்குச் சோம்பல் காரணம் அல்ல. விற்கும் இடம் தெரியாமல் செய்து குவித்ததுதான் காரணம். ஆகவே முதலில் வாங்குபவரைக் கண்டுபிடித்து, அவர் கேட்கும் அளவையும் நிறத்தையும் எழுதி வாங்கிக்கொண்டு, ஐந்து மாதிரி செய்து காட்டிய பிறகே ஐம்பது செய்ய வேண்டும். 1973-இல் தொடங்கிய தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் விற்பனை நிலையங்களை அணுகலாம். ஏரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் மற்றொரு சந்தை.

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்பார்கள். குழுவில் யார் எத்தனை மணி நேரம் உழைத்தார், எத்தனை பொருள் கொடுத்தார், எவ்வளவு பெற்றார் என்பதை ஒரு நாற்பது பக்க நோட்டில் அன்றன்றே எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். பிணக்கு வராமலிருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

எங்கே தொடங்குவது?

பத்துப் பெண்கள் சேர்ந்த சுய உதவிக் குழு ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. மீன் கழிவு தினமும் கிடைக்கும் குப்பத்தில் மீன் அமிலம், பனை மிகுந்த ஊரில் ஓலை, மட்டி அதிகம் சாப்பிடும் இடத்தில் கோழித் தீவன ஓட்டுத் தூள். கை பழகி, கணக்கில் லாபம் தெரிந்த பிறகு அடுத்ததைச் சேர்க்கலாம். பயிர் சம்பந்தமான ஆலோசனைக்குத் திருவள்ளூர் மாவட்டம் திரூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும், மீன் கழிவு குறித்த ஆலோசனைக்குப் பொன்னேரியிலுள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரியையும் அணுகலாம்.

இந்த வருமானம் ஏரியின் வருமானத்துக்கு ஈடாகாது. முகத்துவாரம் திறந்து, நீர் ஓடி, இறால் வந்தால்தான் குப்பம் பிழைக்கும். பாடு இல்லாத நாளில் வாங்கும் கைக்கடனைக் குறைக்க இது உதவும், அவ்வளவே. ஆனால் ஒரு மீனவக் குடும்பத்தில் அந்த அளவும் சிறியது அல்ல.

ஏரி தந்ததில் மண்ணுக்கு உரியதை மண்ணுக்கும், கைக்கு உரியதைக் கைக்கும் கொடுத்துவிட்டு, மிஞ்சும் சிப்பி ஓட்டை மீன்வளத் துறையிடம் கேட்டுக்கொண்டு, அவர்கள் காட்டும் இடத்தில் ஏரிக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதன் மேல் ஒட்டும் சிப்பிக் குஞ்சுதான் நாளைக்கு உணவும் ஓடும்.